எண்ணப்படாத வீதிகள்: மலையகப் பயணக் குறிப்புகள்

திங்கள், ஜூலை 2025. கடவத்தை முதல் கண்டி வரை

கொழும்புத் துறைமுகத்துக்குப் போகும் தேயிலைக் கொள்கலன்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறும் என்பது விரல் நுனியில் இருக்கிறது. அந்தத் தேயிலை எந்தச் சரிவில் பறிக்கப்பட்டது, எந்தப் பள்ளத்தில் குலுங்கி வந்தது என்பது மட்டும் தெரியாது. விடுமுறை கிடைத்ததும் சரக்கு இறங்கும் வழியில் மேலேறிப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன். கூடவே ஒரு கேள்வி: அரசின் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எந்த வீதிக்கு முதலிடம் என்பதை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

கடவத்தையிலேயே பாதிப் பதில் கிடைத்தது. மத்திய அதிவேக வீதி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மீரிகமையிலிருந்து குருநாகல் வரையான துண்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கொழும்புடன் அதை இணைக்க வேண்டிய கடவத்தை–மீரிகம துண்டோ, அதே ஆண்டு நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் போனதோடு நின்றுவிட்டது. மீண்டும் தொடங்குவது பற்றி இந்த 2025 ஜூலையில் பேசுகிறார்கள். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் நடுத்துண்டு மட்டும் முதலில் ஏன் வந்தது? வாகன நெரிசல் கொழும்புப் பக்கம்தான் அதிகம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நடுத்துண்டு உள்நாட்டு வங்கிக் கடனில் உள்நாட்டு ஒப்பந்தக்காரர்களால் கட்டப்பட்டது. முதல் துண்டு சீன எக்சிம் வங்கிக் கடனை நம்பியிருந்தது. எந்தப் பணம் முதலில் வந்ததோ அந்த வீதி முதலில் வந்தது. திட்டமிடல் நூல்களில் இதற்கென்று ஓர் அத்தியாயம் இருக்குமா தெரியாது, இருக்க வேண்டும்.

பஸ் கொழும்பு–கண்டி ஏ1 வீதியில் ஊர்ந்தது. கேகாலை, மாவனெல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றம். கண்டி 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. 1817–18 கிளர்ச்சி அவர்களை நடுங்க வைத்தது. அதன்பிறகு 1820களில் பிரித்தானிய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் வெட்டுவித்த பாதை இது. குடைந்த பாறைவழி பழைய வீதியில் இன்னும் இருக்கிறது; பாதையமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் 1832இல் எழுந்தது. பீரங்கியும் படையும் விரைவாக மலையேற வேண்டும் என்பதுதான் அன்றைய முன்னுரிமை. கோப்பி பின்னால் வந்து அந்தப் பாதையைத் தனதாக்கிக்கொண்டது. மாட்டுவண்டிகளால் கோப்பியை இறக்கி முடியவில்லை என்று தோட்டத்துரைமார் போட்ட கூச்சலில் 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. தண்டவாளம் இட்ட கைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் கைகள் எத்தனை என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

செவ்வாய். கண்டி, பேராதனை

காலையில் குட்செட் பஸ் நிலையப் பக்கம் போனேன். உலக வங்கிக் கடனில் பலவகைப் போக்குவரத்து முனையம் கட்டுகிறார்கள். தூசு, இரைச்சல், வழி கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டும் நடத்துனர்கள். அதிகம் சொல்ல எதுவுமில்லை.

மாலையில்தான் நாளின் பயன் கிடைத்தது. நண்பர் ஒருவரின் தயவில், வீதித் துறையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரைப் பேராதனையில் சந்தித்தேன். விறாந்தையில் உட்கார வைத்து, பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்து, "தம்பி, நீங்கள் அரசியல் கேட்க வந்தீர்களா, கணக்குக் கேட்க வந்தீர்களா?" என்றார். கணக்கு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். முதலில் எண்ணிக்கை. வீதியோரத்தில் ஆட்களை இருத்தி மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, கார், பஸ், இரண்டு அச்சு லொறி, பல அச்சு லொறி என்று தனித்தனியே எண்ணுகிறார்கள். அதிலிருந்து ஆண்டுச் சராசரி நாள் ஒன்றுக்கு எத்தனை வாகனம் என்ற எண் வருகிறது. அடுத்து, வீதியின் மேடுபள்ளத்தை அளக்கும் கரடுமுரடுச் சுட்டெண். கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறி இறங்குகிறது என்ற கணக்கு அது. இவை இரண்டும் எச்.டி.எம்-4 என்ற கணினி மாதிரிக்குள் போகின்றன. வீதியைத் திருத்தினால் எரிபொருள், டயர், உதிரிப்பாகம் எவ்வளவு மிச்சம், பயணிகளின் நேரம் எவ்வளவு மிச்சம், திருத்தாமல் விட்டால் பத்து ஆண்டில் வீதி என்னவாகும் என்று அது கணக்கிடுகிறது. செலவோடு ஒப்பிட்டால் பொருளாதார வருவாய் விகிதம் கிடைக்கும். ஆசிய அபிவிருத்தி வங்கி அந்த விகிதம் 12 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று பல காலம் வைத்திருந்தது. 2017இல் 9 ஆகக் குறைத்தது. அந்தக் கோட்டைத் தாண்டாத வீதி பட்டியலில் கீழே போய்விடும்.

"மலையில் ஒரு லொறி ஒரு லொறி இல்லை" என்றார். ஏற்றத்தில் அது தவழும்போது பின்னால் சேரும் வரிசையை நினைத்துப் பார்த்தால், சமவெளியில் இரண்டு மூன்று காருக்குச் சமமாக எண்ணப்படும் அதே லொறியை இங்கே அதைவிட அதிகமாகவே எண்ண வேண்டும். வீதிக்கு ஏற்படும் சேதத்தின் கணக்கு இன்னும் கொடியது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் நடந்த பெரிய வீதிச் சோதனை காட்டியது இது: அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. ஓராயிரம் கார் செய்யாத கெடுதியை, அளவுக்கு மீறி மணல் ஏற்றிய ஒரு டிப்பர் செய்துவிடும். "சரக்குப் பாதை என்று வரைபடத்தில் கோடு போடுவது இலேசு. அந்தக் கோட்டில் எடை பார்க்கும் மேடை எங்கே என்று கேளுங்கள், சபை அமைதியாகிவிடும்."

நேரத்தின் விலை பற்றிக் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஒருவர் வீதியில் மிச்சப்படுத்தும் ஒரு மணித்தியாலத்துக்கு விலை போடும்போது, அடிப்படையாக எடுப்பது அவருடைய வருமானம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் இந்த 2025 ஜூலையில் 1,350 ரூபா. கொழும்பில் காரோட்டிப் போகும் அதிகாரியின் ஒரு மணித்தியாலம் அந்தத் தொழிலாளியின் ஒரு மணித்தியாலத்தைவிடப் பல மடங்கு "பெறுமதி" வாய்ந்தது. ஆகவே ஒரே தூரத்தை ஒரே அளவு விரைவாக்கினாலும், கொழும்புப் பக்கத்து வீதிக்குக் கிடைக்கும் பயன் தோட்டத்து வீதிக்குக் கிடைப்பதில்லை.

"அது அநியாயமில்லையா, சேர்?"

"அநியாயம்தான். அதனால்தான் சில நாடுகளில் எல்லாருக்கும் ஒரே விலை போடுகிறார்கள். ஆனால் தம்பி, கணக்கே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கு இல்லாத இடத்தில் அமைச்சரின் தொகுதி வந்து உட்காரும்."

அதை மறுக்க என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்த நாட்டில் வாகனத்தை விட மாடு அதிகமாக நடமாடும் அகலமான கார்ப்பெட் வீதிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

புதன். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா

பேராதனையிலிருந்து தொடங்கும் ஏ5 வீதி நுவரெலியா, வெலிமடை, பதுளை வழியாக மலையைக் கடந்து மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் முடிகிறது. வரைபடத்தில் பார்த்தால் மலையகத்தையும் கிழக்கையும் தைக்கும் நூல் அதுதான். நேரில், கம்பளை தாண்டியதும் மழைத் திரை. தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கிறது. புசல்லாவையில் கடை ஓரமாகத் தேநீர் குடிக்கும்போதே நனைந்துவிட்டேன்.

இறம்பொடைச் சுரங்கத்துக்குள் பஸ் நுழைந்து வெளியேறச் சில விநாடிகள்தான். 2008இல் திறந்த இந்தச் சுரங்கம் 225 மீட்டர் நீளம். நாட்டின் மிக நீளமான வீதிச் சுரங்கம் என்ற பெயருக்கு அது போதுமானதாக இருக்கிறது. மலையைக் குடைய எவ்வளவு செலவாகும் என்பதை அந்த நீளமே சொல்லிவிடுகிறது.

கெரண்டியெல்ல வளைவை நெருங்கியபோது பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கியது. மே 11ஆம் திகதி அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிப் போன பஸ் இங்கேதான் பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

நேற்றைய கணக்கில் உயிருக்கு என்ன இடம் என்று இங்கே யோசித்தேன். விபத்துக் குறைப்பும் பயன்களில் ஒன்றாக எழுதப்படுகிறது என்று பொறியியலாளர் சொல்லியிருந்தார். ஆனால் பெரும்பாலும் கடைசி வரியாக. வளைவு தோறும் தடுப்பு வேலி, பிரதிபலிப்பான், கனரக வாகனம் தப்பி ஒதுங்க ஓர் இடம்: இவற்றுக்கு ஒரு கிலோமீட்டர் வீதியை அகலப்படுத்தும் பணத்தில் சிறு பகுதியே போதும். தொகை சிறியதாக இருப்பதே இதற்குச் சாபம் என்று தோன்றுகிறது. பெரிய கடன் ஒப்பந்தத்துக்கு இது போதாது; உள்ளூர்ச் சபையின் கைக்கு இது அதிகம். இடையில் விழுந்துவிடுகிறது.

இரவு நுவரெலியாவில் குளிர். போர்வைக்குள் இருந்து இதை எழுதுகிறேன்.

வியாழன். நானுஓயா, கெப்பட்டிப்பொல

நானுஓயா நிலையத்துக்கு ரயில் 1885இல் வந்தது. பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. கோப்பி நோயில் அழிந்து, தேயிலை எழுந்து, அந்தத் தேயிலைப் பெட்டிகளைச் சுமக்கவே இவ்வளவு தூரம் மேலேறிய பாதை. இன்று மேடையில் நிற்பவர்களில் பாதிப் பேர் படம் எடுக்கும் வெளிநாட்டவர். நாட்டின் சரக்கில் ரயில் சுமப்பது மிகச் சிறிய பங்கு.

"ரயிலில் அனுப்பினால் மலிவுதானே?" என்று கேட்பவர்களுக்கு, கெப்பட்டிப்பொல பொருளாதார மையத்தில் (மரக்கறி மொத்தச் சந்தை) சந்தித்த மரக்கறி லொறிச் சாரதியின் பதிலைத் தருகிறேன். "தம்பி, தோட்டத்தில் ஏற்றி, ஸ்டேஷனில் இறக்கி, பெட்டியில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, மறுபடி லொறியில் ஏற்றினால் லீக்ஸ் கீரையாகிவிடும்." ஒவ்வொரு ஏற்றி இறக்கலும் கூலி, கூடவே நசுங்கல். இதோடு மலைப்பாதையின் இயல்பு: 44 அடிக்கு ஓரடி ஏற்றமும் நெருக்கமான வளைவுகளும். நீண்ட சரக்கு ரயிலை இழுக்க இயலாது.

அவருடைய நாள் பிற்பகலில் தொடங்குகிறது. கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று மூட்டை சேரச் சேரப் பொழுது இறங்கும். இரவு கிளம்பினால் விடியுமுன் தம்புள்ளை, இல்லையென்றால் கொழும்புப் பக்கத்து மொத்தச் சந்தையான பேலியகொடை. தம்புள்ளைப் பொருளாதார மையம் 1999இலிருந்து இயங்குகிறது. மலையில் விளைந்தது வரண்ட நிலத்துக்கு இறங்கி, அங்கே விலைபோட்டு, சில மூட்டைகள் மறுபடி கண்டிக்கே ஏறுவதும் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் வாங்குபவர்கள் கூடும் இடத்தில்தான் விலை பிறக்கும். வீதியைத் திட்டமிடுகிறவர்கள் சந்தையை இடம் மாற்ற முடியாது.

வீதி விரைவாக வேண்டுமா என்று கேட்டேன். சாரதி அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். "விரைவு எனக்கு எதற்கு? மூன்று மணிக்குப் போய்ச் சேர்வேன் என்றால் மூன்று மணிக்குச் சேர வேண்டும். மண் விழுந்து எங்காவது நான்கு மணித்தியாலம் நின்றால், விடிந்த பிறகு போகிற சரக்கை யார் வாங்குவார்கள்? பாதி விலை. சில நாள் அதுவும் இல்லை." அறுவடைக்குப் பிறகு மரக்கறியில் 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் அதற்கு ஒரு காரணம். பிளாஸ்டிக் கூடைகளில் ஏற்றினால் சேதம் குறையும். வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு யாருடையது என்பதில் சண்டை முடியவில்லை.

சராசரி வேகம் ஒரு எண். நம்பகம் இன்னோர் எண். பட்டியல்களில் முதலாவது இருக்கிறது. இரண்டாவதை அளக்க ஒரே வீதியில் பல நாள், பல இரவு நேரம் குறிக்க வேண்டும். அதற்கு யாரும் பணம் ஒதுக்குவதாகத் தெரியவில்லை.

வெள்ளி. அப்புத்தளைக்கு அருகே ஒரு தோட்டம்

மலையின் இந்தப் பக்கம் வேறு உலகம். நுவரெலியாவில் நனைந்த சட்டை இங்கே காற்றில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது. ஊவாவின் பருவம் இது: ஜூலை முதல் செப்டம்பர் வரை வரண்ட காற்றில் கொழுந்துக்கு வரும் மணத்துக்காக வெளிநாட்டு வாங்குநர் காத்திருப்பார்கள். கொழும்பு ஏலத்தில் நல்ல விலை. அந்த விலையின் முதல் சில கிலோமீட்டரைப் பார்க்கத்தான் பிரதான வீதியிலிருந்து இறங்கி நடந்தேன்.

கல் பதித்த பாதை. ஒரு காலத்தில் துரையின் கார் போக நேர்த்தியாகப் பதித்திருப்பார்கள். இப்போது கற்கள் பல்லிளிக்கின்றன. எதிரே கொழுந்து லொறி ஒன்று நடைவேகத்தில் வந்தது. பறித்த கொழுந்து தொழிற்சாலையின் வாட்டும் தட்டுகளுக்குச் சில மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அமுங்கிச் சூடேறினால், குலுங்கிக் கன்றினால், தரம் அங்கேயே போய்விடும். நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை வருகிறது. அதாவது இந்தப் பாதையில் நகரும் எடை, அதிவேக வீதியில் நகரும் எடையைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! கொள்கலனில் நான் எழுதும் ஒவ்வொரு தொன்னுக்கும் பின்னால் இந்தக் கற்களின் மேல் நாலரைத் தொன் குலுங்கியிருக்கிறது. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) முன்றிலில் தண்ணீர் தந்த அக்கா சொன்னது வேறு விதமான சரக்கு. "மழை நாளில் அம்புலன்ஸ் மேலே வராது. பிரசவ வலி வந்தால் கொழுந்து லொறியில் ஏற்றுவோம், இல்லையென்றால் கம்பளியில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவோம்."

இந்தப் பாதை யாருடையது? வீதி அபிவிருத்தி அதிகார சபையின் ஏ, பி வகுப்பில் இல்லை. மாகாண வீதியும் இல்லை. 1992இல் பெருந்தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் போனபோது பாதைகளும் சேர்ந்தே போயின. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிட வழியில்லாமல் இருந்தது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டு, வாக்குப் போட்ட சபை வாசல்வரை வந்து நின்றிருக்கிறது. சட்டம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை: கம்பனி சபையைக் காட்டுகிறது, சபை கம்பனியைக் காட்டுகிறது.

பேராதனையில் கேட்ட கணக்கை இங்கே நின்று திரும்பப் பார்த்தேன். முன்னுரிமைப் பட்டியலில் இந்தப் பாதை கீழே இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது பட்டியலிலேயே இல்லை. எண்ணுகிறவர் பிரதான வீதியோரம் கதிரை போட்டு உட்காருகிறார். பாதை மோசமாக இருப்பதால் வாகனம் வருவதில்லை. வாகனம் வராததால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் பணம் இல்லை. நடந்து போகிறவரும் தலையில் சுமந்து போகிறவரும் எந்த வாகன வகையிலும் அடங்குவதில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவோடு நடந்த கிராமிய வீதித் திட்டத்தில் வாகனத் தொகையோடு மக்கள்தொகையும் பாடசாலை, மருத்துவமனை இணைப்பும் பார்க்கப்பட்டன. ஆகவே வேறு விதமாகவும் எண்ண முடியும்.

சனி. பெரகலை, கொஸ்லாந்தை

பெரகலைச் சந்தியில் ஏ4 வீதி கொழும்பிலிருந்து வந்து கொஸ்லாந்தை, வெல்லவாயா பக்கம் இறங்குகிறது. காற்று ஆளைத் தள்ளியது. மீரியபெத்தையின் சரிவு இன்று பச்சையாக இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்த மலை இறங்கி லயங்களை மூடியது. மண்சரிவு ஆபத்து பற்றி முன்பே எச்சரிக்கப்பட்ட இடம். அதைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தேன்.

வீதிக் கணக்குக்கு இந்த இடம் வேறொரு கேள்வி வைக்கிறது. இந்தத் துண்டு அறுந்தால் வாகனங்கள் எங்கே போகும்? பண்டாரவளை, எல்ல வழியாகச் சுற்ற வேண்டும். அந்த எல்ல–வெல்லவாயா வீதியும் கல்லும் மண்ணும் விழும் சரிவுதான். இரண்டும் ஒரே மழையில் மூடினால் ஊவாவின் தெற்கு வாசல் அடைபட்டுவிடும். வாகன எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இந்த வீதி கண்டி வீதியின் பக்கத்தில் நிற்க முடியாது. "இல்லாமல் போனால் என்ன இழப்பு" என்று கேட்டால் வரிசை மாறிவிடும். ஜப்பானியக் கடனுதவியில் தேசிய வீதிகளின் மண்சரிவுச் சரிவுகளை வலுப்படுத்திய திட்டம் இந்தக் கேள்வியின் வழியே வந்ததுதான்: சரிவைப் படிப்படியாக வெட்டி, நீரை வடித்து, ஆணி அடித்துப் பிடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு அழகாக இல்லை. திறப்புவிழாவில் நாடா வெட்டவும் தோதான பொருள் இல்லை.

பருவமும் வரிசையில் சேர வேண்டும். மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரை ஆபத்து, இங்கே ஒக்டோபரிலிருந்து. வடிகாலும் மதகும் துப்புரவாக்க வேண்டியது இப்போது, இந்த வரண்ட மாதங்களில். போகும் வழியில் மண் நிரம்பிய வாய்க்கால்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

வெல்லவாயாவுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பொறியியலாளருக்குத் தொலைபேசினேன். தோட்டத்துப் பாதையைச் சொன்னதும் இடைமறித்தார். "மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்திருக்கிறது. புதிய சபைகள் இப்போதுதான் வீதிப் பட்டியல் போடுவார்கள். மனு எழுத வேண்டாம், தம்பி. மனு கட்டுக்கட்டாக இருக்கிறது. ஏழு நாள் எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு. நடந்து போகிறவரையும் எண்ணச் சொல்லுங்கள். சுமையோடு போனால் தனிக்கட்டம்."

பஸ்ஸிலேயே ஒரு படிவம் வரைந்தேன்: லொறி, முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், நடப்பவர், சுமையோடு நடப்பவர், நோயாளியைத் தூக்கிச் செல்வோர். தோட்டச் சந்தியில் கடை வைத்திருக்கும் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். வெல்லவாயாவில் இறங்கும்போது பதில் வந்திருந்தது. பாடசாலைப் பிள்ளைகளைப் போகும்போது மட்டும் எண்ணுவதா, வரும்போதும் எண்ணுவதா என்று கேட்டிருந்தார். இரண்டு தரமும் எண்ணுங்கள் என்று எழுதினேன்.